மண்ணுல தப்பில்ல

கால எடு, கால எடு! வலது காலு. ஆமா, அதான். நீ மிதிச்சுகிட்டு நிக்கிறது நான் வாழ வந்த வருஷம் சுட்ட குழம்புச் சட்டி.

பயந்துட்டியா? மிதிக்கலாம் தாயி, மிதிக்கத்தானே பதிச்சிருக்கு. யாரு சட்டிய மிதிக்கிறோம்னு தெரிஞ்சு மிதிக்கணும், அவ்வளவுதான். இந்த முற்றம் பூரா பாரு, அத்தனையும் உடைஞ்ச பானை ஓடு. ஒண்ணொண்ணையும் விளிம்பு மேல தெரியுற மாதிரி நிறுத்தி, மீன் முள்ளு கணக்கா சாய்ச்சுச் சாய்ச்சுப் பதிச்சது. எங்க இஃபே ஊருல பெரிய வீடுன்னா இப்படித்தான் தரை. எத்தனை மழை பெஞ்சாலும் சேறு கிடையாது. எந்த ஓடு எவ பானைன்னு கேளு, கண்ண மூடிகிட்டுச் சொல்றேன். நூலை முறுக்கி ஈர மண்ணு மேல உருட்டுவோம்ல, அந்தத் தடம் ஒவ்வொருத்திக்கும் ஒரு தினுசு.

கூடைய இறக்கி வை. உப்பா? எந்த ஊரு நீ? ஓவோவா! அடேயப்பா, அவ்வளவு தூரமா நடந்தே வந்தே? தண்ணி குடி மொதல்ல. அந்த மூலையில இருக்கு பாரு, அதுவும் என் பானைதான். சில்லுன்னு இருக்கா? இருக்கும். உங்க ஓவோவுல இப்படி ஒரு தண்ணிப் பானை இருக்கான்னு சொல்லு பாப்போம். இருக்காது. உனக்குக் கோபம் வந்தாலும் சரி, இருக்காது.

என்ன பாக்குறே? என் குதிகாலையா? உன்னைக் கால எடுன்னு வெரட்டினவ, தான் மட்டும் ஒரு ஓட்டு மேல ஊணிகிட்டு உக்காந்திருக்காளேன்னா? வர்றவங்க எல்லாரும் இதைத்தான் பாக்குறாங்க. இந்தக் காலு இங்கதான் இருக்கும். ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. அதைக் கேக்குறதுக்கு முன்னாடி என் வாயால கேட்டுட்டுப் போ. உக்காரு, உப்பு ஒண்ணும் ஓடிப்போயிடாது.

நான் இந்த வீட்டு மூத்த மருமக. ஃபாபுன்மியோட அம்மான்னு சொன்னா ஊருக்கே தெரியும். இந்த வீட்டு ஆம்பளைங்களுக்குக் கண்ணாடி மணி செய்யுறது தொழில். நீ கேள்விப்பட்டிருப்பே, அரமனையில கழுத்துல, கையில, கால்ல எல்லாம் போட்டுக்கிறாங்களே நீல மணி, அது இந்த வீட்டு மணி. ஆத்து மணலையும் இன்னும் என்னென்னத்தையோ போட்டு மூணு நாள் உருக்குவாங்க. அது குழம்பா ஆனதும் குழல் மாதிரி இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, ஓரத்தை அனல்ல காட்டி மழுக்கினா மணி. அரமனையில கூப்பிட்டு, கையப் புடிச்சு, என்னமாச் செஞ்சிருக்கேன்னு ஆம்பளைங்களைத்தான் கேப்பாங்க. சரி, கேக்கட்டும். அந்தக் கண்ணாடிய எதுல வச்சு உருக்குறாங்கன்னு எவனாவது கேட்டிருக்கானா?

மூசையில! மண்ணு மூசை. மூணு நாள் தீயைத் தாங்குற குடுவை அது. அதைச் செஞ்சது யாரு? நாங்க. இந்த வீட்டு மருமகளுங்க பதினோரு பேரு. அதுலயும் பெரிய மூசைய வேற எவளும் தொட மாட்டா, நான்தான். ஆத்தங்கரைக் களிமண்ணு, அதோட பழைய மூசை ஓட்டை இடிச்சுச் சலிச்ச பொடி. எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு பொடின்னு கேக்காதே, நான் சொல்ல மாட்டேன். பானை ஒரே எடத்துல இருக்கும், நாங்கதான் குனிஞ்சபடி அதைச் சுத்திச் சுத்திப் பின்பக்கமாவே நடப்போம். ஒரு மூசைக்கு எத்தனை சுத்துன்னு எண்ணினா, இந்நேரம் உங்க ஓவோவுக்குப் போய்த் திரும்பி வந்திருப்பேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு கொழுந்தன். நான் வாழ வந்தப்போ அவனுக்கு நாலு வயசு. பாரு, வாய் தவறி அவன்னு வந்துடுச்சு. அவருன்னு சொல்லணும். உங்க ஊருலயும் அப்படித்தானே? மருமக காலடி எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி அந்த வீட்டுல பொறந்தவங்க அத்தனை பேரும் அவளுக்கு மூத்தவங்க. பால் குடிக்கிற குழந்தையா இருந்தாலும் மூத்தவங்கதான். பேரச் சொல்லக் கூடாது. விடிஞ்சதும் அந்த நாலு வயசு முன்னாடி மண்டி போட்டு, நல்லாத் தூங்குனீங்களான்னு கேக்கணும். கேட்டுட்டு எழுந்து அவரு மூக்கைத் துடைச்சு விடணும். சிரிக்காதே, எனக்கு அப்போ பதினேழு வயசு, எரிச்சலா வரும்.

பேரு சொல்லக் கூடாதுல்ல, அதனால நானா ஒரு பேரு வச்சேன். பால்பல்லு. சிரிச்சா சின்னச் சின்னதாத் தெரியும். வளர்ந்து, தாடி மொளைச்சு, உருக்கு வேலை அத்தனைக்கும் தலைவராகி, இடுக்கியோட, மணி உருக்குற தோப்புக்குள்ள நடந்து போறப்பவும் நான் பால்பல்லுக்காரர்னுதான் கூப்பிடுவேன். கூட இருக்கிற பயலுங்க திரும்பிகிட்டுச் சிரிப்பானுங்க. அவரும் கூடவே சிரிச்சுக்குவாரு. நான் வந்த வருஷமே அவரு அம்மா போயிட்டா. ஊட்டினது, குளிப்பாட்டினது, காய்ச்சல்ல கெடந்தப்போ முதுகுல கட்டிகிட்டு மண்ணு மிதிச்சது எல்லாம் நான்தான். அதெல்லாம் சொல்லிக் காட்டுறதுக்கு இல்ல. சொல்றேன், அவ்வளவுதான்.

பத்து வயசுல மணி வேலைக்கு விட்டாங்க. மொதல் தடவை நறுக்கினதெல்லாம் கோணல். ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. ஆட்டுக் கழுத்துலகூட கட்ட முடியாதுன்னு பெரியவனுங்க கேலி பண்ணி அள்ளி வீசிட்டானுங்க. புள்ள என் சூளைக்குப் பின்னாடி வந்து உக்காந்து அழுதுச்சு. நான் என்ன பண்ணேன், வீசினதெல்லாம் பொறுக்கிட்டு வந்து நூல்ல கோத்து இடுப்புல கட்டிகிட்டேன். பாரு, இனிமே உன் மணி இல்லாம நான் நடக்கவே மாட்டேன்னு சொன்னேன். அன்னையிலேருந்து இதோ இன்னை வரைக்கும் அதுதான் என் இடுப்புமணி. எவ்வளவோ நல்ல மணி வந்துச்சு, என் வீட்டுக்காரரு தன் கையாலேயே நறுக்கி ஒரு சரம் குடுத்தாரு, அது சும்மா கெடக்கு. கோணல் மணி கட்டிப் பழகினவளுக்கு நேரான மணி உறுத்துது.

எதுக்கு இதைச் சொன்னேன்? ம், அவரு மேல எனக்கு எந்தப் பகையும் இல்லைன்னு காட்டத்தான். என் வாய்க்குப் பயந்து ஊருல அப்படிப் பேசுறாங்க.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தது இது. யாம் கிழங்கு வெட்டி முடிச்ச நேரம். அரமனையில திருவிழாவுக்கு நீல மணி கேட்டிருந்தாங்க. சும்மா இல்ல, மார்பு நெறையத் தொங்குற மாதிரி. எப்பவும் செய்யுறதைவிடப் பெரிய மூசை வேணும்னு பால்பல்லுக்காரர் வந்து நின்னாரு. செஞ்சிடலாம்னேன். அப்போ எனக்கு ஒடம்பு வேற கொஞ்சம் கனத்துப் போயிருந்துச்சு. புதுக் கிழங்கு, புதுப் பாமாயில், யாரு சும்மா இருப்பா? அந்த மூசைக்கு மண்ணு பிசையுறப்போ குனிஞ்சேன் பாரு, இடுப்பு நூலு பட்டுன்னு அறுந்து மணியெல்லாம் சிதறிடுச்சு. எல்லாத்தையும் பொறுக்கி மறுபடி கோத்துக் கட்டினா, சரம் எட்டல! இழுத்துப் புடிச்சு முடிச்சுப் போடவேண்டியதாப் போச்சு. அடியே, இப்படியா பெருப்பேன்னு என்னை நானே திட்டிகிட்டேன். கூட இருந்தவளுங்களுக்கு ஒரே சிரிப்பு, தோப்பு வரைக்கும் சொல்லிச் சிரிச்சாளுங்க. சரி, அதை விடு.

மூசை அருமையா வந்துச்சு. தட்டினா மணி அடிச்ச மாதிரி சத்தம். நான்தான் தலையில வச்சுத் தோப்பு வரைக்கும் கொண்டுபோய்க் குடுத்தேன். மூணாம் நாளு மத்தியானம் தோப்புக்குள்ளேருந்து ஒரே கூச்சல். மூசை பொளந்து, அத்தனை கண்ணாடியும் சாம்பல்ல ஓடிப்போச்சு. ஒரு பருவத்து வேலை. நீலமா ஆறு மாதிரி ஓடி, மண்ணோட மண்ணா ஒட்டிகிச்சு.

மறுநாள் இதே முற்றத்துல கூட்டம். வீட்டுப் பெரியவர் நடுவுல. இப்போ கேளு, இதுல என்ன இருக்குன்னு உனக்குப் புரியணும். மூசையில தப்புன்னா, இனிமே மூசை வேலை இந்த வீட்டு மருமகளுங்களுக்குக் கிடையாது, பானை செய்யுற மேலத்தெருக்காரிங்களுக்குப் போயிடும். பதினோரு பேரு சூளையும் அணைஞ்சிடும். ஏற்கெனவே அவளுங்க நாக்கைத் தொங்கப் போட்டுகிட்டு நின்னாளுங்க. தீயில தப்புன்னா, தீய நடத்தினவர் இடுக்கிய வச்சுட்டுத் தோப்பை விட்டுப் போயிடணும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல வழி கிடையாது.

பால்பல்லுக்காரர் எந்திரிச்சாரு. தீ எப்பவும் போலத்தான் இருந்துச்சு, மூசையில ஏதோ இருந்திருக்கும்னு தோணுதுன்னாரு. அதோட விட்டாரா? என் பக்கத்துல வந்து மெதுவா, அண்ணி, மண்டி போட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பெரியவர்கிட்ட மீதிய நான் பேசிக்கிறேன், வேலை உங்க கைய விட்டுப் போகாம பாத்துக்கிறேன்னாரு.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? முப்பத்தாறு வருஷமாத் தெனமும் விடிஞ்சா மண்டி போட்டவ நான். நல்லாத் தூங்குனீங்களான்னு கேக்க மண்டி போடலாம். செய்யாத தப்புக்குப் போடுவேனா? தலைய வெட்டினாலும் மாட்டேன்னேன். எல்லாரும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன். என் வீட்டுக்காரரு கோலாக்கொட்டைய மென்னுகிட்டே தரையப் பாத்தாரு. அவரு எப்பவும் அப்படித்தான்.

எங்க வழக்கம் தெரியும்ல? வீட்டு ஆம்பளைங்க புகழைப் பாடுறது மருமகளுங்க வேலை. கூட்டம் கூடினா மொதல்ல நான்தான் குரல் எடுக்கணும். அன்னைக்கு எடுத்தேன். பால்பல்லுக்காரர் புகழ் இல்ல, என் மூசையோட புகழ்! ‘தீயைத் தின்னு தீயில தூங்குறவளே, நீலத்தைச் சுமந்து பெத்தவளே, பேரை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டு சாம்பல்ல உக்காந்திருக்கிறவளே’ன்னு பாடினேன். மருமகளுங்க அத்தனை பேரும் பின்பாட்டுப் பாடினாளுங்க. பெரியவருக்கு வாய் பொளந்துடுச்சு. இந்த மாதிரி ஒரு பாட்டை இந்த வீடு கேட்டதே இல்ல. அப்புறம் குனிஞ்சு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்குல வச்சு சத்தியம் பண்ணேன். மண்ணுல தப்பில்லைன்னு.

மண்ணுல தப்பில்ல. கவனிச்சியா? அதைத்தான் சொன்னேன். அதுல ஒரு சொல்லு பொய்யில்ல.

உடைஞ்ச ஓட்டைக் கொண்டாங்கன்னாரு பெரியவர். மொதல்ல அதை வாங்கினது பால்பல்லுக்காரர்தான். உடைஞ்ச விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒரு எடத்துல பெருவிரலை வச்சுத் தடவினாரு. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பாத்தாரு. மூஞ்சிய இல்ல, இடுப்புப் பக்கமா! சபை நடுவுல இதென்ன வெக்கங்கெட்ட பார்வைன்னு எனக்குத் திக்குன்னுச்சு. பெருவிரலை எடுக்காமலேயே ஓட்டைத் தரையில கவுத்து வச்சாரு. வச்சுட்டு, தீ கூடிப்போச்சு, ரெண்டாம் நாள் நான் கண்ணசந்துட்டேன், என் தப்புதான்னாரு.

பாத்தியா! தானா வந்துச்சு பாரு வாயில. ஜெயிச்சேன் தாயி. பதினோரு சூளையும் நின்னுச்சு. மேலத்தெருக்காரிங்க மூஞ்சியில ஈயாடல. இன்னைக்கும் மூசை எங்க மூசைதான். அவரு இடுக்கிய பெரியவர் காலடியில வச்சுட்டு, அடுத்த சந்தை கூடுறதுக்குள்ள ஊரை விட்டுப் போயிட்டாரு. போறப்போ நான் சூளைகிட்ட இருந்தேன். வந்து நின்னாரு. நான் திரும்பவே இல்ல. என்னத்துக்குத் திரும்பணும்? தப்பு பண்ணவங்கதான் திரும்பணும்.

அவரு கவுத்து வச்ச ஓட்டை ஒருத்தரும் தொடல. ராவெல்லாம் முற்றத்துல அப்படியே கெடந்துச்சு. மறுநாள் பெருக்க வந்தப்போ நான்தான் எடுத்தேன். எடுத்து, முற்றத்துல பேந்து கெடந்த எடத்துல பதிச்சேன். இதோ, இதுதான். அதுக்கு மேலதான் என் காலு. அவ்வளவுதான் கதை. கால் எடுக்காததுக்குக் காரணம் எதுவும் இல்ல, இந்த எடம் நெழலா இருக்கு. வாசலும் நல்லாத் தெரியும். யாரையும் எதிர்பாத்து உக்காரல. சும்மா உக்காந்திருக்கேன், எனக்கு உக்கார உரிமை இல்லையா?

என்ன, எந்திரிக்கிறே? கெளம்பிட்டியா? உப்பு விக்கவே இல்லையே நீ.

என்னது... யாரு குடுத்தாங்கன்னு சொன்னே? அடியே, அந்தப் பேரை என் முன்னாடி சொல்லாதே! நான் இந்த வீட்டு மருமக, அந்தப் பேரு என் காதுல விழக்கூடாது. ஓவோவுலயா இருக்காரு? நல்லா இருக்காரா? இளைச்சுட்டாரா? உப்பு வாங்க உன்கிட்டதான் வருவாரா? இவ்வளவு நேரம் ஏண்டி சொல்லல?

அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் எதையும் எடுக்காதேன்னு சொல்லி அனுப்பினாரா. ம். என்னை நல்லாத் தெரியும் அவருக்கு.

கூடையிலேருந்து எடுத்தியே, அந்த இலைப் பொட்டலத்தைப் பிரி. நீயே பிரி, என் கை மண்ணா இருக்கு.

ஒரே ஒரு மணியா? நீலம். கையில போடு, பாக்குறேன்... கோணல். ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. அரமனைக்கே மணி செஞ்சவரு, இருட்டுல நறுக்கினாலும் நேரா நறுக்குற கை அது. இதை வேணும்னே இப்படி நறுக்கியிருக்காரு. என்ன சொன்னாரு? சொல்லு, முழுசாச் சொல்லு. ‘அண்ணி சரத்துல ஒரு மணி கொறையும், அவங்க ஒடம்பு பெருக்கல’ன்னு சொல்லச் சொன்னாரா?

தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே தெரிஞ்சிருக்கு பாவிக்கு.

இங்க வா. குனி. இதோ காலை எடுத்துட்டேன், நல்லாப் பாரு. ரெண்டு மழைக்காலமா ஒருத்தருக்கும் காட்டாதது. உடைஞ்ச விளிம்புல ஒரு குழி தெரியுதா? உள்ள நீலமா உருகி ஒட்டியிருக்கு பாரு. களிமண்ணுக்கு நடுவுல கண்ணாடி எங்கேருந்து வரும்? என் இடுப்புலேருந்து. பிசையுறப்போ விழுந்த மணி மண்ணோட போயிடுச்சு, தீயில உருகி சுவரை அரிச்சுப் பொளந்துடுச்சு. பெருக்க வந்த அன்னைக்குக் கையில எடுத்ததுமே நான் பாத்துட்டேன். அவரு ஊரை விட்டுப் போக இன்னும் மூணு நாள் இருந்துச்சு. மூணு நாள்! வாயத் தெறந்திருக்கலாம் நான். தெறக்கல. யாரும் பாக்குறதுக்குள்ள பதிச்சு மிதிச்சுட்டேன். அப்புறம்தான் அவரு சூளைகிட்ட வந்து நின்னாரு, நான் திரும்பாம நின்னேன்.

இந்த மணிய அதுல வை. வச்சுப் பாரு. நெட்டைப் பக்கம் கீழ. பாதி உள்ள போய் கச்சிதமா உக்காருதுல்ல? இந்தக் கோணல் வேற எந்தக் குழியிலயும் உக்காராது.

அழுறேனா? அழுறேன், அதுக்கென்ன இப்போ? அழுதா தோத்துட்டேன்னு அர்த்தமா? மண்ணுல தப்பில்லைன்னேன், இப்பவும் சொல்றேன், மண்ணுல தப்பில்ல. தப்பு என்னுது. வேணும்னா பெரியவர எழுப்பு, மருமகளுங்களைக் கூப்பிடு, மேலத்தெருக்காரிங்களும் வந்து நிக்கட்டும், எல்லாரு முன்னாடியும் இதையே சொல்றேன். வேலைய எடுக்கட்டும். எடுத்துட்டு, இப்படி ஒரு மூசைய அவளுங்க செஞ்சு காட்டட்டும், பாக்கலாம்.

கூடையத் தூக்கு. திரும்பி ஓவோவுக்குத்தானே? இந்த மணிய நான் கோத்துக்க மாட்டேன், கொண்டுபோய் அவருகிட்டயே குடு. அவரே வந்து கோத்துக் குடுக்கட்டும். அண்ணி மண்டி போடுறாளாமான்னு கேப்பாரு. கேக்க மாட்டாரு, ஆனா நீயே சொல்லு. மாட்டேங்கிறாள்னு சொல்லு. அவரு இங்க வந்து, இந்த ஓட்டு மேல வந்து நிக்கணும்னு சொல்லு. ஆளே இல்லாத முற்றத்துல யாருக்குடி நான் மண்டி போடுறது?